பந்தியில் கற்ற பாடம்

நம் சபைகளில் நல்ல சமாரியன் உவமையைச் சொல்லத் தெரியாத ஞாயிறு பள்ளிச் சிறுவனைக் காண்பது அரிது. ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றதையும், அந்நியனாகக் கருதப்பட்டவன் அருகில் வந்ததையும் அவன் பிழையின்றிக் கூறுவான். அதே சிறுவன், தன் ஊரில் எவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எவர் வீட்டில் கூடாது என்பதையும் பிழையின்றி அறிவான். முதற் பாடத்தை அவனுக்குக் கற்பித்தவர்கள் நாம். இரண்டாம் பாடத்தை எவரும் அவனை உட்கார வைத்துக் கற்பிக்கவில்லை. தாய் முகஞ்சுளித்ததைக் கண்டான், பாட்டி செம்பைத் தனியே எடுத்து வைத்ததைக் கண்டான், கற்றுக்கொண்டான். தன்னினின்றும் வேறுபட்ட இனத்தாரையும் வழக்கத்தாரையும் தம்மவராக ஏற்கச் சிறுவர்க்கு எங்ஙனம் கற்பிப்பது என்று நம் கிறித்தவக் கல்விக் குழுக்கள் இன்று ஆராய்ந்து பாடத்திட்டங்கள் வகுக்கின்றன. அம்முயற்சியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எனினும் நம் நாட்டில் இக்கேள்வி பாடநூலில் எழுந்ததைவிடப் பந்தியில் எழுந்ததே அதிகம். எவர் பக்கத்தில் எவர் அமர்வது, எவர் சமைத்ததை எவர் உண்பது என்பதே முந்நூறு ஆண்டுகளாகத் தமிழ்ச் சிறுவரின் பள்ளிகளில் நடந்த உண்மையான பாடம். அவ்வரலாற்றின் சில பகுதிகளை இங்கு நோக்குவோம்.

இவ்வகைச் சிக்கல் திருச்சபைக்குப் புதியதன்று. கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் காட்டும் அந்தியோகியா நிகழ்ச்சியை நாம் நன்கறிவோம். அங்கே புறவினத்தாரோடு அமர்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். பேதுருவின் கோட்பாடு மாறியதாகப் பவுல் குற்றஞ்சாட்டவில்லை. அவருடைய இருக்கை மாறியதையே நற்செய்திக்கு மாறானதென்றார். அச்சபையின் வீடுகளில் சிறுவரும் இருந்திருப்பர். மூத்த அப்போஸ்தலர் ஒருவர் இலையைவிட்டு எழுந்து சென்றதை அவர்கள் கண்டிருந்தால், அதன்பின் அவர் செய்த எந்தப் பிரசங்கமும் அவர்கள் மனத்திலிருந்து அதனை அகற்றியிருக்காது.

தரங்கம்பாடி

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சௌவும், ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய அநாதைச் சாலையையும் பள்ளிகளையும் அறிந்தவர்கள். எனவே வந்த மறு ஆண்டே பள்ளி தொடங்கியதில் வியப்பில்லை. தரங்கம்பாடி சிறிய ஊராயினும் பல இனத்தார் வாழ்ந்த துறைமுகம். டேனியர், ஜெர்மானியர், போர்த்துக்கேய மொழி பேசிய கலப்பினத்தார், தமிழர் என யாவரும் அதில் இருந்தனர். மிஷன் மொழிவாரியாகப் பள்ளிகளைப் பிரித்து நடத்தியது. பெண்பிள்ளைகளுக்கும் கல்வி கொடுத்தது. வீடற்ற சிறுவர்க்கு உணவும் உடையும் ஈந்து எழுத்தறிவித்தது. அக்காலத்து நிலையை எண்ணும்போது இது பெருஞ்செயல்.

ஆனால் ஆலயத்தினுள் நிலைமை வேறு. ஒரே விசுவாசப் பிரமாணத்தை மனனம் செய்த தமிழ்க் கிறித்தவர்கள், அதனை ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்து அறிக்கையிட்டனர். ஒரு பகுதியார்க்கும் மற்றப் பகுதியார்க்கும் இடையே இடம்விட்டு அமரும் வழக்கம் மிஷனெரிமாரால் பொறுத்துக்கொள்ளப்பட்டது. சாதியைச் சமூக வழக்கமெனக் கருதி, காலப்போக்கில் நற்செய்தி அதனைக் கரைக்கும் என்று அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கையின் விலையைச் செலுத்தியவர்களுள் தஞ்சைப் பகுதியின் சிறந்த உபதேசியாரான இராஜநாயக்கனும் ஒருவர். 1733இல் ஆரோனும் 1741இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றனர். உழைப்பில் எவர்க்கும் குறையாத இராஜநாயக்கன் பெறவில்லை. அவர் கையால் உயர்குலத்தார் நற்கருணை பெறமாட்டார் என்பதே தடையாயிற்று. ஞானோபதேசத்தை ஒப்பித்த சிறுவர்கள் இதனையும் கண்டுகொண்டு வளர்ந்தார்கள். இரண்டில் எது ஆழமாகப் பதிந்தது என்பதற்கு அடுத்த நூற்றாண்டின் சண்டைகளே சான்று.

வட்டுக்கோட்டைக் கிணறு

கடலுக்கு அப்பால், 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியேற்ற அமெரிக்க மிஷன், விடுதிப் பள்ளிகளை நம்பியது. நம் மக்கள் இன்றும் ‘போர்டிங்’ என்று வழங்கும் முறை அது. பகற் பள்ளிச் சிறுவன் மாலையில் வீட்டுக்குச் சென்றுவிடுவான். போர்டிங் சிறுவனோ உண்பதும் உறங்குவதும் பள்ளியிலேயே. எனவே உணவுக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இக்கேள்வி உடனே எழுந்தது.

இலங்கையில் அரசு உயர்பதவி வகித்த எமர்சன் டெனன்ட், 1850இல் வெளியிட்ட தம் நூலில் வட்டுக்கோட்டைச் சிறுவரைப் பற்றி எழுதியுள்ளவை நம் நோக்கத்திற்கு மிகவும் உரியன. அச்சிறுவர்கள் மிஷன் வளவுக்குள் கற்க வந்தார்கள். ஆனால் உண்ண மறுத்தார்கள். கிறித்தவக் கூரையின்கீழ் உண்பது தீட்டெனக் கருதப்பட்டது. ஆகவே அயலில் இந்து ஒருவரின் காணியில் சமையற் குடிசை அமைக்கப்பட்டது. பாடம் ஒரு வேலிக்குள்ளும் சோறு மறு வேலிக்குள்ளுமாகச் சிலகாலம் கழிந்தது. பின்னர் மெல்ல மெல்ல அவர்கள் வளவுக்குள் உண்ண இசைந்தனர். அதன் பின்னும் தண்ணீர்ச் சிக்கல் நின்றது. மிஷன் கிணறு தீட்டுப்பட்டதென்று தொலைவிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. இறுதியில் சிறுவர்களே ஒரு வழி கண்டனர். கிணற்று நீர் முழுவதையும் இறைத்துவிட்டால், ஊறிவரும் புது நீர் தூயதன்றோ? அவ்வாறே இறைத்துத் தீர்த்தனர். அன்றுமுதல் அக்கிணற்று நீரைக் குடித்தனர்.

இதனைப் படிக்கும்போது நகைப்பு வரலாம். நமக்கோ இது நம் நாட்டின் கிறித்தவக் கல்வி வரலாற்றிலேயே மிக அறிவுள்ள செயல்களுள் ஒன்றாகத் தோன்றுகிறது. அச்சிறுவர் தம் தந்தையரின் வழக்கத்தை இகழவில்லை. அதன் மொழியிலேயே ஒரு வாசலைத் திறந்தனர். பெரியோர் பேசியும் தீராதது அவர்கள் கையில் ஒரு நாள் உழைப்பால் தீர்ந்தது. மிஷனெரிமார் செய்த நன்மை, பொறுமையோடு காத்திருந்ததோடு பள்ளியையும் மூடாமல் வைத்திருந்ததே.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1823இல் டேனியல் பூர் தலைமையில் செமினரியாக உயர்ந்த அப்பள்ளியில் பயின்றவருள் மிகப் பெரும்பாலோர் வேளாளர். ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் அப்பந்திக்கு வரவேயில்லை எனலாம். எனவே அங்கே கடக்கப்பட்டது மதத்தின் வேலி. சாதியின் வேலி அன்று. மேலும், பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களையே பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கமும் அம்மிஷனில் இருந்தது. தன்னிலும் வேறான வழக்கத்தாரை ஏற்கும்படி சிறுவனுக்குக் கற்பித்தவர்கள், அவனுடைய சொந்தப் பெயரை ஏற்கத் தயங்கினர் என்பது வருந்தத்தக்கது. யாழ்ப்பாணத்தில் அன்று எழுந்த சைவ மறுமலர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. பிள்ளைகள் அந்நியராக்கப்படுகின்றனர் என்ற வீட்டாரின் அச்சத்தையும் அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும்.

கட்டளைகளின் காலம்

இதே டேனியல் பூர் 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து, 1841 வரை இங்கே பள்ளிகளைப் பெருக்கினார். அக்காலத்தில் தமிழகத்தில் சாதிச் சிக்கல் முற்றியிருந்தது. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் தம் மாணவர் யாவரும் ஒன்றாக உண்ண வேண்டுமென்று உறுதியாக நின்றார். இசையாதவர்கள் வெளியேறினர், இசைந்தவர்களைக்கொண்டு பள்ளி மீண்டும் நடந்தது. தஞ்சையிலோ, ஸ்வார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும், இளம் மிஷனெரிமாரின் சாதியொழிப்பு நடவடிக்கைகளை எதிர்த்து 1829இல் எழுதினர். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்று எல்லா வகுப்பாரும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து பாடுகிறோம். அவருடைய பாட்டு அவருடைய வாதத்தைக் கடந்து நிற்கிறது.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திருச்சபை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினர். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியரிடம் இதனையே வற்புறுத்தியபோது அங்கும் பலர் விலகினர். மறுபுறம், 1849இல் இந்தியாவுக்கு வந்த லைப்சிக் மிஷன் தலைவர் கார்ல் கிரவுல், சேர்ந்துண்பதைக் கட்டளையால் திணிப்பது நற்செய்தியின் வழியன்று, உள்ளம் மாறிய பின் வழக்கம் தானே மாறும் என்ற கருத்தைக் கொண்டிருந்தார். இவ்விரு தரத்தாரின் வாதம் நம் இறையியல் வகுப்புகளில் இன்றும் நடைபெறுகிறது. கிரவுலின் பக்கம் நியாயமே இல்லையென நாம் கூறோம். ஐம்பது வயதுடைய ஒருவரை அதட்டிப் பந்தியில் அமர்த்துவதால் அவர் உள்ளம் மாறாது. ஆனால் சிறுவனுக்கு இவ்வாதம் பொருந்தாது. பெரியவரில் உள்ளம் வழக்கத்தை உண்டாக்கலாம். சிறுவனில் வழக்கமே உள்ளத்தை உண்டாக்குகிறது. உள்ளம் மாறும்வரை காத்திருப்போம் என்று அவனைத் தனிப் பந்தியில் அமர்த்தினால், எந்த உள்ளம் மாற வேண்டுமோ அதனையே நாம் வார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதனைச் செயலில் காட்டியவர் ஸ்காட்லாந்து மிஷனைச் சார்ந்த ஜான் ஆண்டர்சன். 1837இல் அவர் சென்னையில் தொடங்கிய பள்ளியே பிற்காலத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வித்து. மறு ஆண்டில், ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர் சிலர் அங்கே படிப்பது தெரியவந்தது. அவர்களை நீக்குமாறு, இல்லையேல் தனியே அமர்த்துமாறு கோரிக்கை வந்தது. ஆண்டர்சன் இரண்டுக்கும் இசையவில்லை. மாணவர் கூட்டமாக வெளியேறினர். பள்ளி ஏறக்குறைய வெறுமையாயிற்று. பின்னர் அவர்கள் திரும்பி வரலாயினர். பள்ளியின் தரம் அவர்களை இழுத்தது. இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்று. மனமாற்றம் பெற்றுத் திரும்பியவர்கள் இலர். ஆங்கிலக் கல்வியை விரும்பித் திரும்பியவர்களே. ஆயினும் திரும்பிய பின் அதே பெஞ்சியில்தான் அமர்ந்தார்கள்.

ஊர்ப்புறத்துச் சபைகளைப் பற்றியும் ஒரு சொல். திருநெல்வேலிச் சபைகளில் அசனம் என்னும் பொது விருந்து சிறப்பானது. செல்வரும் ஏழையரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்கின்றனர். சிறுவர் அதனை ஆண்டு முழுதும் எதிர்நோக்கியிருப்பர். அழகிய வழக்கம், அதனை இழத்தலாகாது. ஆனால் 1799இல் உண்டான முதலூர் தொடங்கி நம் கிறித்தவக் கிராமங்கள் பல, ஒரே வகுப்பினர் குடியேறியவையாகவே அமைந்தன. துன்புறுத்தலிலிருந்து தப்பிப் பிழைக்க அது அன்று வேண்டியதாயிற்று. அதனால் அவ்வூர்ப் பந்தியில் சமத்துவம் உண்டு; வேறுபட்டவர் இலர். வேறுபட்டவரே இல்லாத பந்தியில் வேறுபட்டவரை ஏற்கக் கற்பது எங்ஙனம்?

சேரன்மாதேவி

திருச்சபைக்கு வெளியே இதே கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது சேரன்மாதேவியில். புதுச்சேரியில் பல்லாண்டு வாழ்ந்து 1920இல் திரும்பிய வ. வே. சு. ஐயர், தமிழில் சிறுகதை இலக்கியத்துக்கு வழிகோலியவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். நாட்டுக்காகத் தம் வாழ்வைப் பணயம் வைத்தவர். அந்நியக் கல்விக்கு மாற்றாக நாட்டுப்பற்றும் தமிழ்ப்பற்றும் ஊட்டும் ஒரு குருகுலத்தை 1922இல் அவர் நிறுவினார். தமிழ்நாட்டுக் காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் நன்கொடை வழங்க இசைந்து, முதலில் ஐயாயிரம் கொடுத்தது.

அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர், தம் பெற்றோரின் விருப்பப்படி, தனியே உண்டனர். யாவும் பொதுவாயிருந்த நிறுவனத்தில் விலக்கு இவ்வளவே என ஐயரின் நண்பர்கள் கூறினர். இரண்டு பிள்ளைகள், ஒரு வேளைச் சோறு. ஆனால் செய்தி பரவியதும் தமிழகமே கொதித்தது. டாக்டர் வரதராசுலு நாயுடு தம் இதழிலும் மேடைகளிலும் எதிர்த்தார். ஈ. வெ. இராமசாமிப் பெரியார் எஞ்சிய பணத்தைக் கொடுக்க மறுத்தார். 1925இல் தமிழகம் வந்த காந்தியடிகள், இப்போதுள்ள இருவரும் தனித்துண்ணலாம், இனி எவரையும் அவ்வாறு சேர்க்கலாகாது என்ற சமரசத்தைக் கூறினார். அதனால் எவரும் அமைதியுறவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரசுக் குழு, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எஸ். இராமநாதன் முன்மொழிந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. ஐயர் நிர்வாகத்தைவிட்டு விலகினார். ஜூன் மாதம் பாபநாச மலையருவியில் தம் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தார். நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இவ்வாண்டு ஒரு திருப்பம்.

இரண்டு சிறுவரின் இலைக்காக இத்துணைப் பெருங்கலகமா என்று அன்றே சிலர் கேட்டனர். வரதராசுலுவும் பெரியாரும் அதன் பொருளைச் சரியாகவே உணர்ந்தனர் என்பது நம் கருத்து. தனியே உண்ட இருவரைவிட, அவர்கள் தனியே உண்பதை நாள்தோறும் கண்ட ஏனைய பிள்ளைகளே இங்குக் கணக்கில் கொள்ளத்தக்கவர்கள். ‘உன் நிழல் பட்டாலும் இவ்வுணவு கெடும்’ என்று அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஐயர் நல்லவர். அவருடைய நல்லெண்ணம் அப்பிள்ளைகளின் கண்ணுக்குத் தென்படவில்லை. இருக்கையின் ஒழுங்கே தென்பட்டது. அதற்கு முந்திய ஆண்டான 1921இல் திருப்பத்தூரில் தமிழராகிய சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்தவராகிய பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கி, ஒரே உடை உடுத்தி, ஒரே தரையில் அமர்ந்து, ஒரே உணவை உண்டு வந்தனர். அவர்கள் அதனைப் பாடமாக அறிவிக்கவில்லை.

சிறு பிள்ளைகள் இத்தகையவற்றை எத்துணை இளமையிலேயே உணர்கின்றனர் என்பதைப் பிற்காலத்து ஆய்வுகள் வெளிப்படுத்தின. அமெரிக்காவில் நீக்ரோக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பினத்தாருள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலறிஞர் தம்பதியர், 1940களில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் கொடுத்து வினவினர். எது நல்ல பொம்மை எனக் கேட்டபோது பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். 1954 மே 17ஆம் நாள், தனித்தனிப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வாய்வும் குறிப்பிடப்பட்டது. அதே ஆண்டில் கார்டன் ஆல்போர்ட் என்னும் அறிஞர், வேறுபட்ட இனத்தார் ஒருவரையொருவர் சந்திப்பது மட்டும் போதாது என்று விளக்கினார். சமநிலையில் சந்திக்க வேண்டும். பொதுவான ஒரு வேலை இருக்க வேண்டும். பொறுப்பிலுள்ளோர் அதற்குத் துணைநிற்க வேண்டும். வட்டுக்கோட்டைக் கிணற்றை இறைத்த சிறுவரும், சென்னையில் அசையாது நின்ற ஆண்டர்சனும் நம் நினைவுக்கு வருகின்றனர்.

அரசின் பந்தி

1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர் முயற்சியால் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது ஏற்பாடு. உண்டவர் 165 பிள்ளைகள். பசியைப் போக்கிப் பள்ளிக்கு வரச் செய்வதே அதன் நோக்கம். 1925இல் அது நின்று, பின்னர் மீண்டது. 1956இல் காமராசர் ஆட்சியில், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் உழைப்பால், மதிய உணவு மாநிலம் முழுதும் பரவியது. 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியில் எம். ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயதுக் குழந்தை முதற்கொண்டு பந்தியில் அமர்த்தியது.

இவற்றை நிறுவியோர் முதன்மையாகப் பசியையே எண்ணினர். ஆயினும் மிஷன்கள் ஒன்றரை நூற்றாண்டாகக் கட்டளையிட்டும் மன்றாடியும் அடைய முடியாததை, அரசின் அலுமினியத் தட்டு பெருமளவில் அடைந்தது. இதனை நாம் ஒப்புக்கொள்ளத் தயங்குதல் கூடாது. லட்சக்கணக்கான பிள்ளைகள் எவர் பக்கத்தில் அமர்ந்துள்ளோம் என்று கேளாமல் நாள்தோறும் உண்ணலாயினர். எல்லாருக்கும் உரிய உணவு என்பதால் எவரும் தாழ்ந்து பெறுவதாக இல்லை; எவரும் கொடுத்தருள்வதாகவும் இல்லை. நம் போர்டிங்குகளில் தருமப் பணத்தின் வாடை எப்போதும் சற்று வீசியது.

பந்தியின் சிக்கல் தீர்ந்த இடங்களில் அடுப்படியின் சிக்கல் தலைதூக்கியது. யார் பக்கத்தில் அமர்வது என்பதைவிட யார் சமைத்தது என்பதே ஆழமான கேள்வி. 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், மதிய உணவுச் சமையல் பணியில் தலித் மக்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை அளிக்குமாறு ஆணையிட்டது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அத்தகைய சமையலர் ஒருவர் பணியேற்றதை எதிர்த்து ஊரார் போராட, அதிகாரிகள் முதலில் அவரை மாற்றினர்; கண்டனம் எழுந்தபின் மீண்டும் அங்கேயே அமர்த்தினர். 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. தலித் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாதெனப் பெற்றோர் சிலர் தடுத்தனர். மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படுமென எச்சரிக்க வேண்டியதாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எதிர்ப்பு வீட்டிலிருந்து வந்தது, பிள்ளைகளிடமிருந்து அன்று. பிள்ளைகளுக்குப் பசித்தது.

ஆனால் பிள்ளைகள் என்றும் பிள்ளைகளாய் இரார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனை, அவனோடு பயின்ற மாணவரே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். சேரன்மாதேவி அமைந்த அதே திருநெல்வேலி மாவட்டம் அது. இதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் மணிக்கட்டில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளுட் சில. ஆறு வயதில் அருகருகே அமர்ந்து உண்டவர்கள் பதினாறு வயதில் கயிற்றின் நிறத்தால் பிரிகின்றனர் என்றால், இடையிலுள்ள பத்தாண்டுகளில் அவர்களை யார் எங்கே அமர்த்தினர் என்று ஆராய வேண்டும். நம் சபைகளின் மேல்நிலைப் பள்ளிகளும் வாலிபர் சங்கங்களும் அவ்வாராய்ச்சிக்கு விலக்கல்ல. கல்லறைத் தோட்டத்தைக்கூட இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் சபைகளும் விலக்கல்ல.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இப்பள்ளிகளுள் பல, மேலே கூறிய மிஷன்கள் ஓலைக் கொட்டகையில் தொடங்கியவை. அவற்றின் தாளாளர்கள் நம் ஆயர்களும் திருமண்டலத்தாரும். சமைப்பவர்கள் ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுவினர். எந்தத் தெருவின் பெண் சமைக்கிறாள் என்று வினவிக்கொண்டு பெற்றோர் சிலர் வருவாராயின், ஆட்சியரிடம் செல்லுமுன் அவர்கள் வந்து நிற்பது தாளாளரின் மேசைக்கு முன்னால்தான். அவர்களுள் சிலர் ஞாயிறன்று அவர் கையால் நற்கருணை பெற்றவர்களாயும் இருப்பர்.